கூரையை மட்டும் எழுதினேன்

நான் பொய் எழுதவில்லை. "எங்கள் வீட்டுக் கூரையிலும் நம் ஊரைப் போலவே புல் முளைத்திருக்கிறது" என்றுதான் தங்கை சிக்னேவுக்கு எழுதினேன். கீழே சுவரும் அதே புல்தரையை மண்ணோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கியதுதான் என்பதை எழுதவில்லை. எங்கள் நார்வேயில் நல்ல மரவீட்டுக்கும் புல் கூரைதான். நார்வேக்காரிக்குப் புல் கூரை என்று சொன்னால் போதும், அதன் கீழே மரச்சுவரை அவளே நிறுத்திக்கொள்வாள். அது தெரிந்துதான் எழுதினேன்.

அமெரிக்காவில் இந்த டகோட்டாவுக்கு வந்து மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் பெயர் கிட்டில். விடிந்தால் ஏரோடு போய்விடுவார். நாலு மைல் தள்ளி ஒரு ஜெர்மன்காரி இருக்கிறாள். அவள் பேசுவது எனக்கு விளங்காது. வாய்விட்டுப் பேச நாதியில்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்துதான் சிக்னேவை வா, வா என்று எழுதினேன்.

வந்தாள். பூ வரைந்த பெட்டியோடு வண்டியிலிருந்து இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஆட்டுக்கொட்டில் சரி, வீடு எங்கக்கா?"

"இதுதான்டி."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். உள்ளே வந்து சுவரைத் தொட்டாள். மண் உதிர்ந்தது.

"நம்ம ஊரு மாதிரின்னு எழுதினியே?"

"மேல பாரு, புல்லுதானே?"

கிட்டிலுக்கு வாய் சும்மா இருக்காது. "உங்கக்கா பொய்யே சொல்லமாட்டா மச்சினி. பாதியில நிறுத்திக்குவா, அவ்வளவுதான்."

சிக்னேவின் முகம் வெளுத்துவிட்டது.

"அமெரிக்காவுக்கு வரமாட்டேன்னு ஐனார் சொன்னான். எங்கக்கா அங்க நல்லா வாழறா, நானும் போறேன்னு அவன் மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"தனியா இருக்க முடியலடி" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"அதை எழுதியிருந்தாலும் வந்திருப்பேனே."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்புறம் பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. ரொட்டி சுடுகிறாள், நூல் நூற்கிறாள், நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். மாட்டுக்கொட்டிலில் பால் கறக்கும்போதுதான் வாய் திறக்கிறாள். எங்கள் ஊர்ப் பேச்சில், கண்ணே பொன்னே என்று மாட்டிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பால் கறக்கும் நேரமானால் நான் வெளியே போய்க் கொட்டில் கதவோரம் நிற்கிறேன். கால் மரத்துப்போகும்வரை நின்று கேட்கிறேன். அந்த மாட்டைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.