ஆறாவது படி

மொழிபெயர்ப்புகளை வாங்கிக்கொள்வதைச் சரியாக மாலை நான்கு மணிக்கு நிறுத்திக் கதவை மூடிவிடுவார்கள். அதற்குள் நாற்பத்தொரு பக்கமும் சரிபார்க்கப்பட்டு ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் 'லாடே'யின் இணையதளத்தில் ஃபாரோ மொழிக்கு இன்னும் ஒரு வருஷம் இடமில்லை.

லாடே என்பது கணினியில் இருப்பதை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் மென்பொருள். யாரும் சம்பளம் வாங்காமல் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுவது. அதன் வழிகாட்டிப் பக்கங்களை, ஃபாரோ தீவுகளில் கிளாக்ஸ்விக் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் பெயின்தா, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தன் மொழிக்குக் கொண்டுவந்திருந்தாள். "இருக்கிற அம்பதாயிரம் பேருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கியில்லை. கணினி மக்கர் பண்ணினால் முதலில் அவளிடம் ஓடி வருவதும் அதே ஆட்கள்தான்.

மொழிபெயர்த்தவரைத் தவிர, அதே மொழி தெரிந்த இன்னொருவர் படித்து 'சரி' என்று அழுத்த வேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவருக்கு எங்கே போவது? தேடித் தேடிக் கிடைத்தவன் ஹோக்னி. பயணிகள் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன், பள்ளியில் அவளுக்குப் பக்கத்து பெஞ்ச். தானே ஓட்டிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத பிடிவாதக்காரன். மற்ற மொழிக்காரர்கள் வாசித்துவிட்டு அழுத்தினார்கள். இவனோ ஒவ்வொரு படியையும் செய்து பார்த்துத்தான் அழுத்துவேன் என்று நாற்பது பக்கத்துக்கு மூன்று வாரம் இழுத்தான்.

இரண்டே முக்காலுக்கு, நனைந்த கோட்டோடு நூலகத்துக்குள் வந்து மடிக்கணினியை அவள் மேசையில் வைத்தான்.

"என் படமெல்லாம் போச்சு."

"என்ன படம்?"

"படகுப் போட்டிப் படம். உன் கடைசிப் பக்கம், ஆறாவது படி. நீ எழுதினபடியே செஞ்சேன். நகல்லேருந்து படத்தைத் திருப்பி எடுக்கணும் இல்லையா? அது காலி டிஸ்க்கைக் கொண்டுபோய் நகல் மேலயே எழுதிடுச்சு. முழிக்காதே, வீட்ல இன்னொரு நகல் இருக்கு. உன்னை மட்டும் நம்பி இறங்க எனக்கென்ன பைத்தியமா?"

பெயின்தாவுக்குக் காது வரை சூடேறியது. வரிசையை மாற்றி எழுதிவிட்டோமோ என்று பதறிப்போய் ஆங்கில மூலத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே வரிசை. ஜெர்மனில் பார்த்தாள், பிரெஞ்சில் பார்த்தாள், அதேதான். மென்பொருளின் கட்டளையில் எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டு பெயர்களையும் இடம் மாற்றியவர்கள், வழிகாட்டியில் மாற்ற மறந்திருந்தார்கள். இருபத்துமூன்று மொழிக்காரர்களும் அந்தத் தவற்றை பயபக்தியோடு மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள்.

அவள் தன் பக்கத்தைத் திருத்தினாள். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டளை வரிகள் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் தளத்தின் தானியங்கிச் சோதனை உள்ளே விடும். மணி மூன்று ஐந்து.

"பழையபடியே விட்டுடலாமா ஹோக்னி? எல்லா மொழியிலயும் தப்பாத்தானே இருக்கு. அப்புறம் திருத்திக்கலாம்."

"நீ விட்டுக்கோ. நான் அழுத்த மாட்டேன்."

"ஒரு வருஷம் போயிடும்டா!"

"போகட்டும். இதைப் படிச்சு ஒருத்தன் கல்யாணப் படத்தை அழிச்சுட்டான்னு வை. துறைமுகத்துல யாரைப் பிடிச்சு உலுக்குவான்? இங்கிலீஷ்ல எழுதினவனையா? உன்னைத்தான்டி!"

அவளுக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அவன் சொல்வது சரி என்பதால் இன்னும் ஆத்திரம். திருத்தியதை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, மூலப் பக்கங்களைக் கவனிக்கும் பிரெமன் நகரத்து வீப்கேவுக்கு அரட்டைப் பெட்டியில் எழுதினாள்.

"அப்படி இருக்காதே," என்று பதில் வந்தது. "இருபத்துமூணு மொழி. மூணு பதிப்பு. ஒருத்தர்கூடச் சொல்லலையே."

"யாரும் செஞ்சு பாக்கலை. நாங்க செஞ்சோம். நீங்களும் செஞ்சு பாருங்க, ஆனா வேண்டாத டிஸ்க்ல."

வீப்கே செய்து பார்க்கப் போனாள். மூன்று இருபது. மூன்று முப்பது. புத்தகம் திருப்பித் தர வந்த ஒருவரிடம் பெயின்தா புத்தகத்தை வாங்கி, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தாள். ஹோக்னி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு வீப்கே வந்தாள். "ஐயோ. அழிஞ்சே போச்சு. கும்பிடுறேன் உங்களை. இதோ, மூலத்தை மாத்துறேன்."

மூலம் மாறிய மறுநிமிஷம் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. ஹோக்னி சட்டைக் கைகளை மடித்து விட்டுக்கொண்டு ஆறாவது படியை இன்னொரு தடவை செய்தான். படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"அழுத்துடா, அழுத்துடா!"

"கத்தாதே, இது நூலகம்," என்று சொல்லிவிட்டு அழுத்தினான். மூன்று ஐம்பத்திரண்டு.

மொழிப் பட்டியல் புதிதாக விரிந்தது. பெயின்தா இரண்டு தடவை படித்தாள். மூலம் மாறியதால் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் என்று இருபத்துமூன்று மொழிகளும் மஞ்சளாகி 'பழையது' என்று நின்றன. வீப்கே அவற்றுக்கு நாளை வரை அவகாசம் கொடுத்திருந்தாள். பச்சையாக நின்றது ஒன்றே ஒன்றுதான், ஃபாரோ மொழி. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது, ஹோக்னியின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

அரட்டைப் பெட்டியில் மஞ்சளானவர்கள் திமுதிமுவென்று வந்து விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஓடன்சே நகரத்து தோர்கில். இந்தத் தீவுப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் படித்தே தீர வேண்டிய டேனிஷ் மொழிக்கு அவர்தான் பொறுப்பு.

"உங்க ஆறாவது படியைப் பாத்து எழுதிக்கலாமா? உங்க பாஷை எனக்கு அரைகுறையாத்தான் புரியுது."

பெயின்தா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் தட்டினாள்.

"தாராளமா எழுதிக்கோங்க. புரியாத இடத்தைக் கேளுங்க, டேனிஷ்ல சொல்லித் தரேன்."