நீலச் சட்டையும் நாற்பத்திரண்டு மூட்டைகளும்

நாச்சிமுத்துவின் மகன் தீனதயாளன் கழற்றி மாட்டிவிட்டுப் போன நீலச் சட்டை, அவன் போன மறுநாள் தொடங்கி மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மாலையும் ஐந்தரை மணிக்குள் தானாகவே அழுக்கானது. ஆணியில் தொங்கியபடியே முதலில் கழுத்துப்பட்டை வியர்வையில் நனையும். பிறகு தோள்களில் கல்மாவு படியும். கடைசியாக இரு கைகளின் ஓரத்திலும் கிரீஸ் கறை ஏறும். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் அந்த வீட்டைக் கடப்பவர்கள் முதல் மாதம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் நிலக்கடலை பிடுங்கும் பருவம் வந்துவிட்டதால் பார்ப்பதற்கு நேரமில்லாமல் போயிற்று.

அவன் போன காரணம் எல்லோரும் அறிந்ததுதான். நாச்சிமுத்து தம் நான்கு ஏக்கரில் ஏழாவது ஆழ்துளைக் கிணறு போட்டு, ஆயிரத்து நூறு அடி வரை வெறும் கல்தூசிப் புகையே வந்த நாளில், இனிமேல் இந்த மண்ணைத் துளைக்க வேண்டாம் என்று மகன் சொன்னான். ஆறு முறை தோற்றவரிடம் ஏழாம் முறை அதைச் சொல்லியிருக்கக் கூடாது. துளை போட வந்த ரிக் வண்டிக்காரர்கள் ராடுகளை அடுக்கிக்கொண்டிருக்க, அவர்கள் எதிரிலேயே நாச்சிமுத்து, "தண்ணியோட வா. இல்லாட்டி இந்த ஊட்டுப்படி மிதிக்காதே" என்றார். இருபத்திரண்டு வயதுப் பையன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு அதே வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். சத்தீஸ்கரில் வேறொரு வண்டிக்கு மாறினான் என்பது வரையில் செய்தி வந்தது. அதன்பின் அவன் எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்றது குரல்.

ஆகவே அவன் தாய் ராமாயிக்குச் சட்டை ஒன்றே சாட்சி. மாலையில் அது அழுக்கானால் பிள்ளை அன்று வேலை செய்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான். காலையில் துவைத்து உலர்த்தி, நண்பகலுக்குள் மறுபடியும் ஆணியில் மாட்டுவாள். செம்பொடி படிந்த நாளும் உண்டு, சுண்ணாம்பு போல வெளுத்த பொடி படிந்த நாளும் உண்டு. எங்கோ துளையில் தண்ணீர் பீய்ச்சியடித்த நாளில் சட்டை சேறும் ஈரமுமாகத் தரையில் சொட்டும். அன்று ராமாயி இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள். நாச்சிமுத்து மட்டும் அந்தச் சட்டையைத் தொட்டதில்லை. அந்தப் பக்கம் போகும்போது காலண்டரில் தேதி பார்ப்பார்.

சாலையை நான்கு முறை மேலே மேலே போட்டதில் வீடு மூன்றரை அடிப் பள்ளத்துக்கு இறங்கியிருந்தது. ஐப்பசி மழையில் அடுப்படியில் முழங்கால் தண்ணீர். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கி, அடியில் சுவர் கட்டித் தருபவர்கள் வந்து பார்த்து, நாற்பத்தைந்து நாட்கள் வீடு காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். ராமாயியின் அண்ணன் மகன் தமிழரசுவிடம் கோழிப் பண்ணை உண்டு. பழைய கோழிகளை விற்றுவிட்டுப் புதுக்குஞ்சுகளுக்குக் காத்திருந்ததால் ஒரு கொட்டகை முழுவதும் காலியாகக் கிடந்தது. சாமான்களை அங்கே போட்டு வைப்பதென்றும், தாங்கள் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் தங்குவதென்றும் முடிவாயிற்று.

மூன்று நாட்கள் கட்டினார்கள். கண்ணாடித் தம்ளர்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, அட்டைக்கு முப்பதாகக் கவிழ்த்து அடுக்கினாள் ராமாயி. பித்தளை அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டா, குண்டாவுக்குள் சொம்பு என்று இறங்கி, சொம்புக்குள் மஞ்சள் கிழங்கைப் போட்டு மூடினாள். சாமி படங்களுக்குப் பழைய சேலையைச் சுற்றினாள். துணிமணிகளையும் மெத்தை தலையணைகளையும் வேப்பிலை தூவி, கோழித் தீவனம் வந்த சாக்குகளில் திணித்துத் தைத்தார் நாச்சிமுத்து. நாற்பத்திரண்டு மூட்டைகள்; எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. எதில் என்ன இருக்கிறதென்று மேலே எழுதி வைக்கும்படி தமிழரசு சொன்னான். தம் வீட்டுப் பொருள் தமக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மூட்டையைத் தைக்கத் தொடங்கினார்.

நீலச் சட்டையைக் கடைசியாகத் தன் கையிலேயே எடுத்துப் போவதென்று ராமாயி கொடியில் உலர்த்தியிருந்தாள். அவள் பாத்திரங்களோடு டெம்போவில் கொட்டகைக்குப் போயிருந்த நேரத்தில் நாச்சிமுத்து அதைக் கொடியிலிருந்து எடுத்தார். மூன்று ஆண்டுகளில் அதைத் தொட்டது அன்றுதான். கோழிக் கொட்டகைத் தூசி படக் கூடாதென்று, கல்யாணம் கோயிலுக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் தமது வெள்ளைச் சட்டையை விரித்து, அதற்குள் நீலச் சட்டையை மடித்து வைத்து, மற்ற துணிகளோடு ஒரு சாக்கில் இட்டுக் கோணி ஊசியால் தைத்துவிட்டார். அடுத்த நடையில் மூட்டைகள் அனைத்தும் போய்விட்டன.

திரும்பி வந்த ராமாயி வெறும் கொடியைப் பார்த்தாள். சட்டை எங்கே என்றதற்கு, பத்திரமாக மூட்டையில் இருக்கிறது என்றார். எந்த மூட்டை என்பது அவருக்கே தெரியவில்லை. கொட்டகைக்கு ஓடிப் பத்தொன்பது மூட்டைகளைப் பிரித்து, இருபதாவதில் கண்டபோது மணி ஐந்தே முக்கால். நீலச் சட்டையை மட்டும் உருவிக்கொண்டு வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பாராமல் உள்ளே தள்ளித் தைத்தார்கள். நீலச் சட்டை சுத்தமாக இருந்தது.

அன்று மூட்டைக்குள் கிடந்ததால் அப்படியென்று சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் வாடகை அறையின் ஜன்னல் கம்பியில் மாட்டினார்கள். ஆறு மணிக்கும் சுத்தம். மூன்றாம் நாளும் சுத்தம். ராமாயி அழுக்கில்லாத சட்டையைத் தினமும் காலையில் துவைத்தாள். நான்காம் நாளிலிருந்து அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. ஏழாம் நாள் நாச்சிமுத்து திருச்செங்கோட்டுக்குப் போய், ரிக் வண்டி வைத்திருப்பவர்களின் அலுவலகங்கள் முப்பத்தொன்றில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். பையனைத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் சட்டையை எடுத்துக்கொண்டு ராமாயியோடு வீட்டுக்கே போனார். வீடு நூற்றைம்பது ஜாக்கிகள்மேல் அந்தரத்தில் நின்றது. ஆணி அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. வேலையாள் ஒருவன் ஏணி போட்டு மாட்டிக் கொடுத்தான். இருவரும் வெறுந்தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆறு மணிக்கு அதே ஏணியில் ஏறி அந்த வேலையாள் எடுத்துக் கொடுத்த சட்டை, இஸ்திரி போட்டது போல இருந்தது.

ராமாயி அதை வாங்கி முகர்ந்தாள். சோப்பு வாசம் மட்டுமே வந்தது.

"வாயில ஒருக்கா தொரத்துனீங்க. இப்பக் கையில ஒருக்கா தொரத்திப் போட்டீங்க" என்றாள்.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவும் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள், விளக்கேற்றலாமா, சட்டைக்கு மாலை போடலாமா என்று பக்கத்து வீட்டார் தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் தமிழரசு மொபெட்டில் வந்து இறங்கினான். முகத்தில் சலிப்பு.

"ஏனுங்க மாமா, துணி மூட்டைல எதுக்குங்க சிமெண்ட்டப் போட்டு வெச்சிருக்கறீங்க? தையல் உட்டுக் கொட்டகை பூராக் கொட்டிக் கெடக்குதுங்க. நாலு பேரு புடிச்சும் அது நகர மாட்டீங்குது."

அவன் பேசி முடிக்குமுன் ராமாயி சாலையைக் கடந்திருந்தாள். கொட்டகையில் இருபதாவது மூட்டை உரலைப் போல உட்கார்ந்திருந்தது. அறுத்துப் பிரித்தபோது உள்ளே வெள்ளைச் சட்டை இன்ன நிறமென்று சொல்ல முடியாதபடி கிடந்தது. அதன்மேல் பன்னிரண்டு நாள் தூசி, கிணற்றுச் சுவரில் தெரியும் மண்ணைப் போல, அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. நாச்சிமுத்து முழங்காலிட்டு ஒவ்வொரு அடுக்கையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். ஏழு கிணறு தோண்டியவருக்குக் கல்லைப் படிக்கத் தெரியும். "இது செம்மண்ணு. இது உக்கல் கல்லு. இது கருங்கல்லு, எண்ணூறு அடிக்குக் கீழ" என்று சொல்லிக்கொண்டே போனவர் பத்தாவது அடுக்கில் நிறுத்தினார். அது இன்னும் சேறாக இருந்தது. ராமாயியின் கையைப் பிடித்து அதில் வைத்தார். அவள் கையை எடுக்காமலே தமிழரசுவைப் பார்த்து, "ஊட்டுல பழைய சோறு இருக்குதா சாமி?" என்று கேட்டாள்.

தூசி அதன்பிறகு நீலச் சட்டைக்குத் திரும்பவில்லை. வெள்ளைச் சட்டையிலேயே நிலைத்துவிட்டது. வாடகை அறையில் மாட்டுவதற்கு நல்ல ஆணி இல்லாததால் நாச்சிமுத்து அதைத் தாமே போட்டுக்கொண்டார். முதல் நாள் ஐந்தரை மணிக்கு அவருக்குத் தோள்பட்டை வலித்தது. ஒரு வாரத்தில் உள்ளங்கை காய்த்தது. வைத்தியர் தைலம் கொடுத்தார்.

நாற்பத்தெட்டு நாளில் வீடு சாலைக்கு மேலே ஓரடி உயரத்தில் புதுச் சுவரில் நின்றது. உள்ளே மண் கொட்டித் தரை போட்டதும் ஆணி பழையபடி கைக்கு எட்டும் உயரத்துக்கே வந்தது. சாமான்கள் திரும்பின, தம்ளர்களில் இரண்டு மட்டும் உடைந்திருந்தன. இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையோடு புதுப் படியில் நிற்கிறார். கழுத்திலிருந்து கீழே நிறம் மாறிக்கொண்டே வரும். போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, பையன் இன்றைக்கு எந்தக் கல்லில் இருக்கிறான் என்று விசாரிப்பார்கள். அவர் தேய்த்துப் பார்த்துச் சொல்வார்.

தை மாதத்தில் ஒரு நாள் மேகமில்லாத வானத்தின் கீழ் நின்றவர் தலையிலிருந்து கால்வரை நனைந்தார். ஆழத்துத் தண்ணீர், பல் கிட்டும் குளிர்ச்சி. படியெல்லாம் வழிந்தது.

"ராமாயி, தண்ணியோட வந்துட்டான்" என்றார்.

அவள் துண்டோடு வந்து அவர் தலையைத் துவட்டினாள். உள்ளே நீலச் சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்குகிறது. அது ஏன் என்று யாராவது கேட்டால், நனைந்து வருகிறவனுக்கு மாற்றிக்கொள்ள ஒன்று வேண்டாமா என்கிறாள்.