பவுரோவின் தண்ணீர்த் தொட்டி

உலக மக்கள் அனைவரும் கைவேலையைப் போட்டுவிட்டுக் கவனிக்கவும். என் மச்சான் தெகாய், மனைவி மகளோடு எங்கள் தீவைவிட்டுத் தலைநகரான தாராவாவுக்குக் குடிபெயரப் போகிறார்.

இதைச் சொல்வதற்காக மச்சான் எங்கள் ஊர்ப் பொதுக்கூடமான மனேயாபாவில் ஊரையே கூட்டினார். பாயில் சம்மணமிட்டிருந்த சபை கொட்டாவி விட விட, முன்னோர் தோணியேறிய கதை, பெருங்கடலின் சீற்றம், மனிதகுலத்தின் வருங்காலம் என்று முழங்கினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்து மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை, பிள்ளை துரும்பாகிவிட்டாள். சபையில் வயிற்றுப்போக்கைப் பேசினால் கௌரவம் என்னாவது?

அடுத்து என் பெரியப்பா மகன் பவுரோ எழுந்தார். தகரக் கூரையும் பெரிய மழைநீர்த் தொட்டியும் உள்ள பெரிய மனிதர்.

"தெகாய் போறது இந்தத் தீவுக்கே பேரிழப்பு! அவரை நிறுத்த என் உயிரைக்கூடக் குடுப்பேன்!"

"உயிரெல்லாம் எதுக்குண்ணே?" என்று எழுந்தாள் மச்சானின் மனைவி, என் தங்கை தபேட்டா. "உங்க தொட்டியிலேர்ந்து எங்க வீட்டுக்கு ஒரு குழாய் குடுங்க."

மச்சான் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், மானம் போகுது, உக்காரு!"

"போகட்டும். புள்ள இருக்கட்டும்."

சபைக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் ஊரில் சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கேட்டதை மறுக்கக் கூடாது. மறுத்தவன் பிறகு வெளியே தலைகாட்ட முடியாது. அதனால்தான் புதுச் சைக்கிள் வாங்குபவன் அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறான். தொட்டியை எந்தக் கட்டிலுக்கு அடியில் வைப்பது?

பவுரோ சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எடுத்துக்கோ தங்கச்சி."

மறுநாளே குழாய் போட்டுக் கொடுத்தார். முகம் மட்டும் தொட்டியையே விழுங்கியவர்போல் இருந்தது. பிள்ளை நல்ல தண்ணீர் குடித்தாள், தேறினாள், மணலில் ஓடினாள். மச்சான் பயணத்தைக் கைவிட்டார். என் சைக்கிளையும் கோழிகளையும் பறிகொடுக்கவைத்த அந்த வழக்கத்தை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று அதற்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டேன். பவுரோவுக்கும்தான். மனசில்லாமல் கொடுத்தாலும் கொடுத்தது தண்ணீர், குடித்தது எங்கள் பிள்ளை. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

ஒரு தொட்டி இரண்டு வீட்டுக்குப் போதவில்லை. அடுத்த கப்பலில் பவுரோ குடும்பத்தோடு தாராவாவுக்குப் போய்விட்டார்.