பவுனுவுக்கு மூன்றாவது கடிவாளம்

மூன்றாவது கடிவாளத்துக்கும் பவுனு தலை கொடுக்கவில்லை. சகாயராஜ் அதைக் காதருகே கொண்டுபோனதுமே கழுத்தை நிமிர்த்திப் பின்வாங்கியது. விடிந்ததிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரி ஓய்ந்த உடம்பு. குதிரையோடு மல்லுக்கட்ட அதில் தெம்பு ஏது? வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை அது. போன மாதம் கிளியனூரில் தலையை உதறிய உதறலில் மாப்பிள்ளை சரிந்து, மச்சான் தோளில் தொங்கினார். அன்றைக்குத்தான் காதுக்குப் பின்னால் வார் அறுத்த புண்ணைச் சகாயராஜ் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்லில் கல்யாணம். அதற்கும் பவுனு வராவிட்டால் விற்றுவிடுவதாக அவனே சொல்லியிருந்தான்.

இந்தக் கடிவாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் வாங்கவில்லை. பாண்டிச்சேரிக் கடையில் அரைநாள் நின்று, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, காது வரும் இடத்தில் வளைத்து வெட்டி உள்ளே மெத்தை வைத்த அகலமான வாராக எடுத்தான். உச்சியில் அழுத்தாது என்றார் கடைக்காரர். வந்ததும் வழக்கம்போல உப்புப் பாத்தித் தண்ணீரில் அலசிக் காயவைத்தான். உப்பளத்துக்காரர்களுக்கு எந்தப் புண்ணுக்கும் அந்தத் தண்ணீர்தான் மருந்து. பவுனுவின் புண்ணையும் தினமும் அதில்தான் கழுவினான்.

மனைவி மேரிசெல்வியும் அளத்திலிருந்து வந்து சேர்ந்தாள்.

“இன்னும் மாட்ட விடலியா?”

“பஞ்சாட்டம் இருக்குது, தொட்டுப் பாரு. இதுக்கு மேல நான் இன்னா பண்றது?”

தொட்டுப் பார்த்தாள். “உப்பு வாரி மரத்துப்போன நம்ம கையில இன்னாங்க தெரியும்? டீ கிளாஸ் சூடே தெரிய மாட்டேங்குது. கன்னத்துல வெச்சிப் பாருங்க.”

எரிச்சலோடுதான் வைத்துத் தேய்த்தான். மெத்தையின் தையலெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. அரம் போட்டு அராவியதுபோல் கன்னம் எரிந்தது. கடையில் பஞ்சாக இருந்ததைத் தன் கையாலேயே அரமாக்கியிருக்கிறான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது வேறு யாருமில்லை.

கல்யாண வீட்டுக்குப் போன் போட்டான். “ஞாயித்துக்கெழம குதிர வராதுங்க. புண்ணுங்க.” அந்தப் பக்கம் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

“அப்ப விக்கப் போறீங்களா?” என்றாள் மேரிசெல்வி.

“எந்த மூஞ்சிய வெச்சிக்கினு விக்கிறது?”

கடிவாளத்தைக் கொடியில் போட்டுவிட்டு, குடிதண்ணீர்க் குடத்தையும் பழைய வேட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு குதிரையிடம் போனான். துண்டை நனைத்துக் கையைத் தூக்கினான். கயிறு விட்ட மட்டும் பவுனு பின்னால் போய் நின்று நடுங்கியது. ஒரு மாதமாகத் தினமும் எரிய வைத்த கை அது.

“குடுங்க” என்று மேரிசெல்வி துண்டை வாங்கிக்கொண்டாள். “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவன் தள்ளி நின்றான். பவுனு அவளிடம் தலையைத் தாழ்த்தியது.