தலைமாட்டுப் பை

என் மனைவி இராசேஸ்வரிக்கு மாதக்கணக்காகத் தலைச்சுற்றும் பின்மண்டையில் தலையிடியும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. கிணற்றடியில் நின்றவள் திடீரென்று தூணைக் கட்டிப் பிடிப்பாள். நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, தேங்காய் துருவுவதிலிருந்து தொடங்கிச் சொதி வைக்கப் படிப்பித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் இல்லாத கரிசனையாக இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. தன் தலைக்குள் கட்டி இருக்கிறதென்றும், தான் போன பிறகு நான் பட்டினி கிடக்கக்கூடாதென்றும் அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். அடுத்த நாளே கிளிநொச்சியில் பஸ் ஏறி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, வவுனியாவில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், பிரஷர் பார்த்தார், கழுத்தை அங்கும் இங்கும் திருப்பினார். கட்டி என்று சந்தேகப்பட ஒன்றுமில்லை, கழுத்துச் சதைதான் இறுகிப்போயிருக்கிறது, மனயோசனையும் அதோடு சேர்ந்துவிட்டது என்றார். பிறகு, எப்படிப்பட்ட தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் தலைக்கு வைத்தது தலையணை இல்லை, ரெக்சின் பை. அதற்குள் ஒரு பிஸ்கட் தகரம். தகரத்துக்குள் காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு காப்பு. தொண்ணூற்றாறில் ஷெல்லடிக்குள் ஓடியபோது அந்தப் பையை எடுக்கும் பொறுப்பு எனக்கு. பதற்றத்தில் நான் சைக்கிள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சைக்கிளைக்கூட இல்லை, பம்பை மட்டும். அவள்தான் திரும்பி ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்தாள். அன்று தலைக்குக் கீழே வைத்ததை, சமாதானம் வந்து ஒன்றரை வருடமாகியும் அவள் எடுக்கவில்லை.

டொக்டர் கழுத்துக்குச் சில பயிற்சிகள் காட்டி, மெத்தென்ற தலையணை வைக்கச் சொன்னார். பஞ்சுத் தலையணை வாங்கி வந்தேன். பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோம் என்றேன். ஓடுற நேரத்தில் திறப்பை ஆர் தேடுறது என்று கேட்டாள். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன எனக்கு.

"என்ரை தலைமாட்டிலை வை. இந்தமுறை நான் தூக்குவன்," என்றேன்.

"பம்புக்காரரை நம்புறதோ?" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பையை என் பாய்ப் பக்கம் தள்ளினாள்.

கிழமைகள் போகப் போகத் தலைச்சுற்றுக் குறைந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். வீடே அதிர ஒரு இடி விழுந்தது. எனக்கு நினைவு வந்தபோது கொட்டும் மழையில், முற்றத்து நடுவில், பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தேன்.

ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். இலை அசைந்தாலும் எழும்பி உட்காருகிறவள், பஞ்சுத் தலையணையில் கன்னத்தைப் புதைத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்ட, அவளை எழுப்பிவிடக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.