கன்னத்தின் தேய்மானம்

நாணய அட்டையில் நான் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள் நான்கும் அசையாமல் அப்படியே இருந்தன. அவற்றை மெல்ல நெம்பி எடுத்து, அட்டையைப் பிரித்து, நாணயத்தை விளிம்பில் பிடித்து மேசை விளக்கின் கீழ் தூக்கியபோதுதான், அதிலிருந்த சுதந்திர தேவியின் கன்னம் மழுங்கியிருப்பதைக் கண்டேன். பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். தொப்பியின் மடிப்புகளும் தலைமுடியின் இழைகளும் முன்பு கண்டவாறே கூர்மையாக இருந்தன. கன்னம் மட்டும் ஆற்றுக்கல்லைப் போல வழவழத்திருந்தது.

அது 1806ஆம் ஆண்டின் அமெரிக்க ஐந்து டாலர் பொன் நாணயம். பக்கத்துப் புறநகரான நோபல் பார்க்கில் பல் மருத்துவராக இருந்த தேவராஜா அவர்கள் 1984இல் சிட்னியில் ஓர் ஏலத்தில் வாங்கியது. கடந்த வசந்தத்தில் அவர் காலமான பிறகு, அவருடைய மனைவி திலகம் அக்கா, இன்ன வகை, இன்ன தரம் என்று பார்த்துச் சொல்லும்படி அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் டாண்டினாங்கில் ஒரு தொழிற்சாலையில் உலோக உதிரிபாகங்களைப் பரிசோதிப்பவன். பழைய அமெரிக்கப் பொன் நாணயங்களைப் படிப்பது என் ஓய்வு நேரத்து ஈடுபாடு என்பது நம்மவர்கள் சிலருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செய்தார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே எஃகில் அடித்துப் பதித்தார்கள். ஆகையால் ஒரே ஆண்டு நாணயங்களிலும் அச்சுக்கு அச்சு நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறி விழுந்திருக்கும். 1806இல் ஆறு என்ற இலக்கத்தின் தலை சில அச்சுகளில் உருண்டையாகவும் சிலவற்றில் கூராகவும் இருக்கும். கூர்முனை ஆறு உள்ள நாணயங்களில் இடப்புறம் எட்டு நட்சத்திரங்கள், வலப்புறம் ஐந்து. தேவராஜா அவர்களுடையது அந்த வகை. தரம் என்பதோ தேய்மானத்தைப் பொறுத்தது. சென்ற நவம்பரில், அவர் மறைந்த பிறகு, நானே அதைப் படம் எடுத்து, ஏறத்தாழத் தேயாதது என்று மதிப்பிட்டு, அட்டைக்குள் வைத்துப் பின் அடித்தேன்.

அமெரிக்காவில் தரச்சான்று தரும் ஒரு நிறுவனத்துக்கு அதை அனுப்ப வேண்டியிருந்தது. இத்தகைய பொருளைத் தபாலில் போட நம்மவர்களுக்கு மனம் வராது; போகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவதே வழக்கம். கலிபோர்னியாவுக்குப் புறப்படவிருந்த கிருஷ்ணசாமி அவர்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். அவர் நாள் குறித்த பிறகே, அனுப்புமுன் ஒருமுறை பார்க்க அட்டையைப் பிரித்தேன்; அதுவரை, இங்கே டிசம்பரில் தொடங்கும் கோடைகாலம் முழுவதும், நாணயம் என் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நான் தனியாக வசிப்பவன். சாவி என்னிடம் மட்டுமே இருந்தது.

பணப்பையில் புழங்கிய நாணயத்தில் மேடான இடங்கள் அனைத்தும் சேர்ந்தே தேயும். இது அப்படி அல்ல. யாரோ ஒருவர் ஒரே இடத்தை, ஒரே திசையில், நெடுங்காலம் கட்டைவிரலால் தடவிய தேய்மானம் இது.

நாணயத்தை மாற்றிவிட்டேன் என்று அக்கா எண்ணக்கூடும். இந்த அச்சம்தான் எனக்கு முதலில் வந்தது. ஆகையால் அன்று முழுவதும் பழைய படத்தையும் நாணயத்தையும் ஒப்பிட்டேன். ஆறின் கூர்முனை பொருந்தியது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் பொருந்தின. ஆனால் அச்சு ஒன்றாக இருந்தால் மட்டும் நாணயம் ஒன்று என்று ஆகிவிடாது. அதனால் அரக்கோடுகளைப் பார்த்தேன். அச்சடிப்பதற்கு முன் எடை கூடுதலாக இருந்த பொன் வில்லைகளை அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள்; அந்தக் கீறல்கள் ஒரு நாணயத்தில் இருப்பதுபோல் இன்னொன்றில் இரா. கழுகின் மார்புக் கேடயத்தின் குறுக்கே ஓடிய அந்தக் கோடுகளும் ஒன்றுவிடாமல் பொருந்தின. ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, அறையில் இருந்த மற்ற நாற்காலிகளைப் பார்ப்பதை நான் தவிர்க்கத் தொடங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. நாணயத்தையும் பெரிதாக்கிய படங்களையும் எடுத்துக்கொண்டு நோபல் பார்க்குக்குப் போனேன். அக்காவும், சட்டம் படிக்கும் மகள் கிரிஜாவும் இருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் கிரிஜா படங்களைத் தள்ளி வைத்தாள்.

"அங்கிள், வித் ரெஸ்பெக்ட், திஸ் இஸ் நாட் அப்பாஸ் காயின்."

"பாருங்கோ தம்பி, ரெண்டாம் வருசம்தான் படிக்கிறாள், அதுக்குள்ளை வீட்டுக்குள்ளையே வழக்காடக் கோடு ஏறீட்டாள்," என்றார் அக்கா. சிரித்தார்களே ஒழிய, அவர்களுடைய கண்களும் நாணயத்தின் மீதுதான் இருந்தன. "அந்தக் கதிரையிலை இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ."

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நான் மாத்தலைன்னு நிரூபிக்கத்தான் வந்தேன்," என்று அரக்கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கிரிஜா பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பழைய படம், நாணயம், மறுபடியும் படம். அவளுடைய உதடுகள் எதையோ எண்ணுவதுபோல் அசைந்தன.

"ஓம் அம்மா," என்றாள் கடைசியில், சன்னமாக. "இட்ஸ் த சேம் ஒன்."

நம்பிவிட்டார்கள். அந்த ஆறுதலில், முந்தின இரவு என்னை நானே தேற்றிக்கொள்வதற்காக நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன்.

"டாக்டருக்கு இது மேல ரொம்பப் பிரியம் இல்லையா அக்கா. ஒருவேளை... அவங்க விரல் பழகின இடமா இருக்குமோன்னு..."

அது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றே எண்ணினேன். அக்கா தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார்கள்.

"அவரோ? அவர் இதை வெறுங்கையாலை தொட்டதே இல்லைத் தம்பி. கையுறை போட்டு விளிம்பிலைதான் பிடிப்பார். 'என்னையும் கையுறை போட்டுத்தான் தொடுவியளோ'ண்டு நான் பகிடி பண்ணுறனான். அவரின்ரை விரல் அந்த முகத்திலை ஒருநாளும் பட்டதில்லை."

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஆர்?" என்றார் அக்கா.

கிரிஜா மேசை மேல் இருந்த என் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு கரண்டியின் காம்பால் அட்டையை என் பக்கம் நகர்த்தினார்கள். "நான் உங்களை முழுசா நம்பிறன். நீங்கள் மாத்தியிருந்தா இது வெறும் நாணயம், இங்கை வைச்சிட்டுப் போங்கோ எண்டு சொல்லியிருப்பன். நீங்கள் மாத்தேல்லை. அதாலை கொண்டு போங்கோ, தம்பி. குறை நினையாதையுங்கோ. இந்த வீட்டிலை இது வேண்டாம்."

மறுத்துப் பேச எனக்கு வராது. நன்றி சொல்லி, அட்டையை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து மூடி, எடுத்துக்கொண்டு எழுந்தேன். கிரிஜா கதவு வரைக்கும் வந்தாள். வழக்கமாகக் கை கொடுப்பவள், அன்று கொடுக்கவில்லை.

காரில் திரும்பும் வழியில், ஸ்பிரிங்வேல் ரயில் கடவையில் தடுப்புக் கம்பம் விழுந்துவிட்டது. பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். எஞ்சினை அணைத்தேன். மணி அடித்தது, நகரத்துக்குப் போகும் ரயில் நீளமாகக் கடந்து போயிற்று. அது போய், மணியும் ஓய்ந்த பின்னர், காருக்குள் ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. மிக மெல்லிய சத்தம். சற்றே ஈரமான தோல் உலோகத்தின் மேல் நிதானமாக ஒரு திசையில் நகர்வது போல. நின்றது. பிறகு, தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடியும்.

கம்பம் உயர்ந்தது. பின்னால் ஒரு கார் ஒலியெழுப்பியது, அதன் பின்னால் இன்னொன்று. இப்படிப்பட்ட வேளைகளில் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புறப்படுவதே என் வழக்கம். அன்று கையை உயர்த்தவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மீது, விரல்கள் பத்தும் எனக்குத் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.