ராக்காயி குடிக்கிற தண்ணீர்

என் மனுசி ராக்காயி பொய் சொல்லமாட்டாள் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரையும் நான் நம்பியதில்லை. கிளினிக்கில் தாதி நேசமலர் மிஸ்ஸி அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று சொன்னா. "அம்மா, இனிமேல் கிணத்துத் தண்ணி வேண்டாம். சுத்தப்படுத்தின தண்ணியை நிறையக் குடிக்கோணும்" என்றா. இவள் நல்ல பிள்ளை போலத் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஆட்டோவில் கொண்டுவந்து விற்கிற கான் தண்ணீரை வாங்கி வைத்தேன். கானில் தண்ணீர் ஒழுங்காகக் குறைந்து வந்தது. கூடவே, மழையில்லாத காலத்தில் எங்கள் மிளகாய்க் கன்றுகள் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. ஒரு நாள் விடிய வெள்ளன வீட்டுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். கானைச் சரித்து, கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது?"

"பிளாஸ்டிக்கு நாறுதுங்க. வெயில்ல கெடந்து சூடேறின தண்ணி. தேத்தண்ணி போட்டா சாயமே இறங்கல்ல."

"அப்ப நீ எதைக் குடிக்கிற?"

அவள் கிணற்றைப் பார்த்தாள்.

அவளுடைய கால் வீங்கத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகவேண்டி வரும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தா. எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த சிவராசா அப்படிப் போய்வந்தவன். கிழமைக்குக் கிழமை பஸ்ஸில் போவான், வாடின கீரை மாதிரித் திரும்பி வருவான். இப்போது அவன் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வீட்டிலேயே தண்ணீர் வடிக்கிற மெசின் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன். யாரை நம்பி வாங்குவது என்பதுதான் கேள்வி. முந்தி ஒருத்தன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தான். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு கம்பியை வைத்துக் கரண்ட் கொடுத்தான். தண்ணீர் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. "பாத்தீங்களா ஐயா, இதைத்தான் நீங்க குடிக்கிறீங்க" என்றான். "கம்பியை இங்க விட்டிட்டுப் போ தம்பி, நானும் வைச்சுப் பாக்கிறன்" என்றேன். கம்பியையும் சுருட்டிக்கொண்டு போனவன் பிறகு வரவில்லை.

எங்கள் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்து காடு வெட்டியவர்கள். தண்ணீர் நல்லதா என்று நாங்கள் வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதில்லை. தேத்தண்ணி போட்டுப் பார்ப்போம். புதுக் கிணறு வெட்டினால் முதல் வாளி கேத்தலுக்குத்தான் போகும். அதுபோல இந்த மெசினையும் சோதிப்பதென்று ஒரு கான் நிறையக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன். கடதாசியில் தேயிலை மடித்தேன். உழுந்து விற்ற காசை மடியில் கட்டினேன். ராக்காயியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"எங்க ஐயா?" என்று கேட்டான் கொண்டக்டர்.

"தண்ணீரூற்று."

அவன் கானைப் பார்த்தான். "தண்ணீரூற்றுக்கே தண்ணி கொண்டு போற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. ராக்காயியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு எங்கே போகிறோம் என்பதில் அக்கறையில்லை. பஸ்ஸில் போவதே அவளுக்குப் போதும்.

தண்ணீரூற்றில் கடை வைத்திருப்பவர் இஸ்ஸதீன். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, கூரைத் தகடு போட்டுத் தொடங்கின கடை. இப்போது கண்ணாடிக் கதவு. நல்ல மனுசன் என்கிறார்கள். முதலாளி எல்லாரும் நல்ல மனுசன்தான், காசை எண்ணும் வரைக்கும்.

இரண்டு விதம் காட்டினார். ஒன்று, உள்ளே வெள்ளைக் குழல் வைத்த வாளி. கரண்ட் தேவையில்லை. "ஆனா ஐயா, இது ஊத்தையைத்தான் பிடிக்கும். உங்கட பக்கத்துக் கல்லுத் தண்ணிக்கு இது காணாது. கேத்தலுக்குள்ள வெள்ளையாப் பொருக்குப் பிடிக்குதெல்லோ, அது அப்பிடியே வரும்." மற்றது கரண்டில் ஓடுகிற ஆர்.ஓ. மெசின். அதில் ஊற்றுகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாய் வெளியே போகுமாம்.

"பாதியை வெளியில ஊத்துறதுக்கு நான் மெசின் வாங்கோணுமோ? என்ர மனுசி மெசின் இல்லாமலே முழுசா ஊத்துறாள்."

"கழிவை வாழைக்கு விடுங்கோ ஐயா" என்று சிரித்தார்.

என் கானைத் தூக்கி மேசையில் வைத்தேன். இந்தத் தண்ணீரை இரண்டிலும் விட்டு வடித்துத் தரவேண்டும், கூடவே வடிக்காத தண்ணீரும் வேண்டும், மூன்றிலும் இதே தேயிலை போடவேண்டும் என்றேன். அவர் கானின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "லதீபா, அடுப்பில கேத்தலை வையும்! ஒரு ஐயா எங்களைச் சோதிக்க வந்திருக்கிறார்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது ராக்காயி பிரிஜ்களின் பக்கம் போய்விட்டாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தாள், மூடினாள். இரட்டைக் கதவு வைத்த பெரிய ஒன்றுக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"கதவைச் சாத்து புள்ள, உள்ள லைட் எரியுது."

"சாத்தினாலும் எரியுமாங்க?" என்றாள்.

அது எனக்கும் தெரியாது. கதவை மெல்லச் சாத்தி இடுக்கால் பார்த்தேன். இஸ்ஸதீன் வந்து உள்ளே இருந்த சின்னப் பொத்தானை அமர்த்திக் காட்டினார். லைட் அணைந்தது. சரி, அதில் களவு இல்லை.

லதீபா தங்கச்சி மூன்று கிளாசில் பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. எது எந்தத் தண்ணீர் என்று ராக்காயிக்கு மட்டும் தெரியாது. முதலாவது கறுப்பு. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது மெசின் தண்ணீர், நல்ல செம்பொன் நிறம். மெசின்தான் நல்லது என்று எனக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. ராக்காயியைக் கூப்பிட்டேன்.

அவள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மிடறு குடித்தாள். வாயைக் கொப்பளித்துத் திரும்பவும் குடித்தாள். கடைக்கு வந்த ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"இதுதாங்க தேத்தண்ணி" என்று முதலாவது கிளாசைத் தள்ளினாள். "மத்தது ரெண்டும் கிளாஸ் கழுவின தண்ணி."

அவள் தள்ளியது எங்கள் கிணறு.

இஸ்ஸதீன் வேறு பக்கம் பார்த்தார். இத்தனை வருசமாய் வன்னிக் கல்லுத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்தவளின் நாக்கு அந்தக் கறுப்புக்கே பழகிவிட்டது. இது எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும். நான் தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று ஊரைக் கூட்டி, அவளுடைய நாக்கைச் சோதித்திருக்கிறேன். இனி மெசின் வாங்கி என்ன? வாழைக்குப் பாதி, மிளகாய்க்குப் பாதி. கால் வீங்கிக்கொண்டே போகும். கதிரையில் இருந்துவிட்டேன்.

"அம்மா, களைச்சுப் போனீங்கள். கொஞ்சம் தண்ணி குடியுங்கோ" என்றா லதீபா. கடையில் ஓடிக்கொண்டிருந்த பிரிஜ்ஜைத் திறந்து போத்தல் ஒன்றை எடுத்து ஊற்றினா. கிளாசின் வெளிப்பக்கம் வேர்த்தது.

ராக்காயி வாங்கி, முழுவதையும் ஒரே இழுவையில் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். "இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா?"

இரண்டாவது கிளாசும் போனது. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்தாள். நான் எழும்பி லதீபாவிடம் மெதுவாகக் கேட்டேன். "தங்கச்சி, இது எங்கத்தைத் தண்ணி?"

"அந்த மெசின் தண்ணிதான் ஐயா. நாங்க வேற குடிக்கிறேல்லையே."

அது மெசின் தண்ணீர் என்று நான் ராக்காயியிடம் சொல்லவில்லை. "உனக்கு எந்த பிரிஜ் வேணும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் பகிடி என்று நினைத்தாள். மடியை அவிழ்த்த பிறகுதான் நம்பினாள்.

இரட்டைக் கதவை எடுப்பாள் என்று பயந்தேன். எடுக்கவில்லை. ஒற்றைக் கதவில் சின்னது ஒன்றைக் காட்டினாள். "பெருசு கதவைத் திறந்தா நம்ம குசினியில அடுப்பில போய் இடிக்கும்" என்றாள். இவ்வளவு நேரமும் அவள் கதவுகளைத் திறந்து மூடியது விளையாட்டுக்கு இல்லை. மெசின், பிரிஜ், கரண்ட் ஏறி இறங்கினால் காக்கிற பெட்டி ஒன்று, எல்லாம் எழுதினார் இஸ்ஸதீன்.

"அறுவடைக்கு நாங்க வயலில வாடிக் கொட்டிலில கிடப்பம். அங்க இவள் என்னத்தைக் குடிப்பாள்?" என்று கேட்டேன். அங்கே யானைக்கும் எங்களுக்கும் ஒரே வாய்க்கால்தான்.

அவர் காரில் கொளுவுகிற குட்டி பிரிஜ் ஒன்றை எடுத்தார்.

"என்னட்ட இருக்கிறது லான்ட்மாஸ்டர் உழவு மெசின். அது நிக்கிறதே பெரிய காரியம்."

மீன்காரர் ஐஸ் போட்டு மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டியைக் காட்டினார். ராக்காயி மூக்கைச் சுளித்தாள். கடைசியில் திருகு பைப் வைத்த தடிச்ச ஜக் ஒன்று. ஐஸ் போட்டு ஊற்றினால் பொழுதுபடும் வரைக்கும் தாங்கும் என்றார். நான் நம்பவில்லை. ராக்காயி அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

இப்போது அறுவடை. வெட்டு மெசின் அடுத்த வயலில் நிற்கிறது. நான் வாடி நிழலில் வந்து குந்தினேன். தொண்டை காய்ந்துபோயிருந்தது. ராக்காயி ஜக்குக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். கணுக்கால் எலும்பு பழையபடி தெரிகிறது. கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்த அளவு ஏறவில்லையாம். அதுவே நல்ல செய்தி என்று மிஸ்ஸி சொன்னா. மிஸ்ஸியை நான் கொஞ்சம் நம்புகிறேன். காலையில் ஒரு தேத்தண்ணி உண்டு, அதுவும் மெசின் தண்ணீரில்தான். ராக்காயி தேயிலையை இரட்டிப்பாய்ப் போட்டு, என்னைத் திட்டிக்கொண்டு குடிக்கிறாள்.

"ஒரு கிளாஸ் தா புள்ள."

"இது எனக்கு மிஸ்ஸி குடிக்கச் சொன்ன தண்ணி. உங்களுக்கு என்னா வருத்தம்?"

"தாகம்."

"கழிவுத் தண்ணி வீட்டில வாளியோட இருக்கு. வாழைக்கு ஊத்தினதுல மிச்சம்."

வெட்டு மெசின் ஓடுகிற பொடியன்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு நிறைய நிறைய ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றி, என்னைப் பார்த்துக்கொண்டே அடிவரைக்கும் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எனக்கும் அரைக் கிளாஸ் கிடைத்தது. பல் கூசுகிற குளிர்.